பந்தியில் கற்ற பாடம்

நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியிலே, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு குருகுலம் நடந்தது. நடத்தியவர் வ. வே. சு. ஐயர். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய மனிதரல்லர் அவர். சட்டம் பயில இலண்டன் சென்று, வெள்ளையர் ஆட்சியை வீழ்த்தும் வேட்கையோடு திரும்பியவர்; வள்ளுவரின் குறளை ஆங்கிலத்திலே பெயர்த்துத் தந்தவர்; தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று இன்றும் போற்றப்படுபவர். அவருடைய குருகுலத்துக்குத் தமிழகக் காங்கிரசு 10,000 ரூபாய் தர இசைந்து, அதிலே 5,000 ரூபாயைத் தந்தும் விட்டது. நாட்டுப்பற்றும் தமிழ்ப்பற்றும் உடலுழைப்பும் கொண்ட இளைஞர்களை அங்கே வார்த்தெடுக்கலாம் என்று பலரும் நம்பினர்.

அந்தக் குருகுலத்திலே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியிடத்திலே உணவு பரிமாறப்பட்டது.

1924, 1925ஆம் ஆண்டுகளிலே இந்தச் செய்தி தமிழகத்தைக் கலக்கியது. பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்து நின்றனர். பொதுப் பணத்திலே நடக்கும் நிலையத்திலே பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது முறையா என்று கேட்டனர். அந்த இரு சிறுவர்களின் பெற்றோருக்குக் கொடுத்துவிட்ட வாக்கை மீறுவதெப்படி என்பது ஐயர் தரப்பின் விடை. தமக்கு எவரோடும் உட்கார்ந்து உண்பதிலே தடையில்லை என்பதும் அவர் நிலை. பூசல் முற்றியது; குருகுலப் பொறுப்பிலிருந்து ஐயர் விலகினார். 1925ஆம் ஆண்டிலேயே, பாபநாசத்து அருவியிலே தவறி வீழ்ந்த தம் மகளைக் காக்க முனைந்து உயிர் துறந்தார்.

மாண்டுபோனவர் மீது பழி சுமத்துவதற்காக இதை நாம் நினைவூட்டவில்லை. அவர் வீரர், புலவர், மகளுக்காக உயிரையே தந்த தந்தை. அத்தகைய மனிதருடைய நிலையத்திலேயே இது நடந்தது என்பதுதான் நம்மை எண்ண வைக்கிறது. கொடியவன் ஒருவன் செய்திருந்தால், கொடுமை என்று கூறிவிட்டுப் போயிருப்போம். நல்லவர் ஒருவர் செய்தார். நல்ல நோக்கத்தோடு செய்தார். ஆகவே நின்று ஆராயவேண்டியிருக்கிறது.

நாம் கேட்கும் கேள்வி இது: அந்தக் குருகுலத்துப் பிள்ளைகள் அங்கே கற்றது என்ன?

ஆசிரியர் வாயால் கற்பித்தது ஒன்று. அடுக்களை இலையால் கற்பித்தது மற்றொன்று. நாட்டு மக்கள் அனைவரும் விடுதலைக்கு உரியவர் என்று காலையிலே காது கேட்கிறது. நண்பகலிலே, இருவர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் அமர்வதைக் கண் காண்கிறது. காது கேட்டதை நம்புமா பிள்ளை மனம்? கண் கண்டதை நம்புமா? காது கேட்டதைத் தேர்விலே எழுதும். கண் கண்டதை வாழ்விலே செய்யும். இதுதான் எந்தச் சமுதாயமும் தன் நெறியைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் முறை.

ஒழுக்கம் என்பது அறநூல் படித்து வருவது என்று பலர் எண்ணுகின்றனர். நாலு நீதிப்பாடல்களை மனப்பாடம் செய்வித்துவிட்டால் பிள்ளை நல்லவனாகிவிடுவான் என்று நம்பும் பெற்றோர் உண்டு. ஆனால் பிள்ளை எழுத்தறியும் முன்பே, ஏடெடுக்கும் முன்பே, சமுதாயத்தின் சட்டப் புத்தகம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே படித்து முடித்துவிடுகிறது. அந்தப் புத்தகத்துக்கு எழுத்து இல்லை. யார் திண்ணையிலே அமர்கிறார், யார் வாசலிலே நிற்கிறார். யாருக்கு வெள்ளித் தம்ளர், யாருக்குக் கொட்டாங்கச்சி. யார் முதலில் உண்கிறார், யார் மிச்சத்தை உண்கிறார்: இவைதாம் அதன் பக்கங்கள்.

தமிழிலே 'அவன்' என்றும் 'அவர்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. எதை எங்கே சொல்வதென்று எந்த ஆசிரியரும் பட்டியல் போட்டுத் தருவதில்லை. ஆயினும் ஆறு வயதுச் சிறுவன், வாயிலிலே வந்து நிற்கும் எழுபது வயது துப்புரவுத் தொழிலாளியைப் பார்த்து, "அம்மா, அவன் வந்திருக்கான்" என்று உரக்கக் கூறுகிறான். அடுத்த வீட்டுக்கு வந்த இளவயது அதிகாரியை, "அவர் வந்திருக்கார்" என்கிறான். நரைத்த தலையைக் கண்டு மதிக்கவேண்டுமென்று அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடம் எந்த நரைத்த தலைக்குப் பொருந்தாது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே கற்றான்! அன்னை பேசியது கேட்டுக் கற்றான். அண்டை அயலார் அழைத்தது கேட்டுக் கற்றான். தாய்மொழியோடு கலந்து தாய்ப்பால் போல உள்ளே இறங்கிவிட்டது ஏற்றத்தாழ்வு.

அதே வீட்டிலே அவன் தமக்கையும் வளர்கிறாள். அவன் உண்ட தட்டை விட்டு எழுகிறான். அவள் எடுத்துக் கழுவுகிறாள். அவனுக்கு எழும்போது தயக்கமில்லை; அவளுக்கு எடுக்கும்போது வியப்பில்லை. இருவரையும் ஒரே தாய் பெற்றாள். ஒரே பள்ளிக்கு அனுப்பினாள். ஆண் பெண் சமம் என்று இருவரும் ஒரே கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றிருக்கலாம். தட்டு மட்டும் வேறொரு கட்டுரையை நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்படிப் புகுந்த நெறிக்கு ஒரு தனி வல்லமை உண்டு. எப்போது கற்றோம் என்பதே நினைவிலிராது. நினைவிலே இல்லாததை இயற்கை என்று எண்ணுகிறோம். "ஏதோ கூசுகிறது", "மனம் ஒப்பவில்லை" என்கிறோம். மனச்சாட்சியே பேசுகிறது என்றும் கூறத் துணிகிறோம். மனச்சாட்சியா பேசுகிறது? ஐந்து வயதிலே அடுக்களையிலே கேட்ட குரலல்லவா பேசுகிறது!

மேலே இருப்பவன் மட்டுந்தானா இப்பாடத்தைக் கற்கிறான்? இல்லை. கீழே தள்ளப்பட்டவனும் கற்கிறான். அதுதான் கொடுமையிலும் கொடுமை. அமெரிக்க நாட்டிலே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளநூல் அறிஞர்கள் இருவர், கணவனும் மனைவியும், ஓர் ஆய்வு நடத்தினர். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள 253 கருப்பினக் குழந்தைகளின் முன்னே பொம்மைகளை வைத்தனர். வடிவம் ஒன்றே, தோலின் நிறமும் முடியின் நிறமும் மட்டும் வேறு. "எது நல்ல பொம்மை?" என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். "எது பார்க்க நன்றாயில்லை?" என்றதும், பழுப்புப் பொம்மையைக் காட்டினர். பின்னர், "உன்னைப் போலிருக்கும் பொம்மை எது?" என்று கேட்டனர். விடை கூறமாட்டாமல் அழுத குழந்தைகளும் உண்டு.

மூன்று வயதுக் குழந்தை எந்த நூலைப் படித்துத் தன்னைத் தாழ்ந்தவள் என்று முடிவு கட்டியது? ஊர் கட்டியிருந்த முறையைப் படித்தது. தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குழாய். இவற்றைக் கண்டு, காரணம் தன்னிடமே இருக்கவேண்டுமென்று அறிந்துகொண்டது. 1954 மே 17ஆம் நாள், பள்ளிகளிலே நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பிலே கென்னத் கிளார்க்கின் ஆய்வுரையையும் எடுத்துக் காட்டியது. பிரித்து வைப்பதே ஒரு பாடம். அந்தப் பாடம் பிஞ்சு நெஞ்சைக் கெடுக்கிறது என்பது நீதிமன்றத்துக்கும் எட்டிய உண்மையாயிற்று. சேரன்மாதேவியிலே எழுந்த கேள்வியும் இதுதானே!

இங்கே அறிவுடைய எதிர்ப்பாளர் ஒருவர் நம்மை மடக்கக்கூடும். "எல்லா நெறியும் கற்றுக்கொடுத்ததே என்கிறீர். உயர்வு தாழ்வு என்ற எண்ணம் பிறர் ஊட்டியது என்கிறீர். சரி, சமத்துவம் என்ற எண்ணம் மட்டும் வானத்திலிருந்து வந்ததா? அதுவும் உமக்கு யாரோ ஊட்டியதுதானே? அவர் பாட்டியிடம் கற்றார். நீர் படிப்பகத்திலே கற்றீர். இரண்டும் கற்றவையானால், ஒன்றை ஒழுக்கம் என்றும் மற்றொன்றை மூடத்தனம் என்றும் சொல்ல உமக்கேது உரிமை?"

கேள்வி கூர்மையானது. கைதட்டலால் இதைக் கடந்துவிட முடியாது. நேர்மையாக ஒப்புக்கொள்வோம்: ஆம், சமத்துவமும் கற்றதுதான். நாமும் பிறந்தபோது வெற்றுச் சிலேட்டுகளே. எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஒரு நெறியின் தகுதியை அளக்கமுடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலைத் தேடும்போது, கோலி விளையாடும் சிறுவர்கள் நமக்கு உதவுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாசே, செனீவா, நியூசாட்டல் நகரங்களிலே கோலி ஆடும் சிறுவர்களை அணுகினார். ஆட்டம் தெரியாதவர் போல நடித்து, விதிகளைத் தமக்குக் கற்றுத் தருமாறு அவர்களையே கேட்டார். கண்டவற்றை 1932ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். "இந்த விதிகளை மாற்றலாமா?" என்று கேட்டபோது சின்னஞ்சிறுவர்கள் மறுத்தனர். விதி பெரியவர்கள் தந்தது, கடவுள் தந்தது, என்றும் இருப்பது, மாற்றினால் தவறு என்றனர். பத்து வயதைக் கடந்த சிறுவர்களோ, ஆடுவோர் அனைவரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றனர்.

வியப்பு இதிலில்லை, இனிமேல்தான் வருகிறது. விதி புனிதமானது, மாற்றலாகாதது என்று கூறிய சின்னஞ்சிறுவர்கள், ஆட்டத்திலே விதியைச் சரிவரப் பின்பற்றவில்லை. ஆளுக்கொரு விதமாக ஆடினர். மாற்றலாம் என்று கூறிய பெரிய சிறுவர்களே விதியைச் செம்மையாகப் பின்பற்றினர். ஏன்? முன்னவர்களுக்கு விதி மேலிருந்து விழுந்தது. பின்னவர்களுக்கு அது தங்களுக்குள்ளே செய்துகொண்ட உடன்பாடு. காரணம் தெரிந்த விதி காக்கப்பட்டது. காரணம் கேட்கலாகாத விதி வணங்கப்பட்டு மீறப்பட்டது!

"ஏன் என்று கேட்கவிட்டால் ஒழுக்கம் சிதைந்துவிடும், சமுதாயம் சீரழிந்துவிடும்" என்று அச்சுறுத்துவோர் இந்தச் சிறுவர்களின் ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்கட்டும்.

நமக்கு வேண்டிய அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஒரு நெறியை எடுத்துக்கொள்வோம். அதன் சுமையை யார் சுமக்கிறாரோ அவருடைய முகத்தைப் பார்த்து, அதன் காரணத்தைச் சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகு, "அப்படியானால் என் இடத்துக்கு நீ வா, உன் இடத்துக்கு நான் வருகிறேன்" என்று அவர் கூறினால், நம்மால் இசைய முடிகிறதா? முடியுமானால் அது யாரிடம் கற்ற நெறியானாலும் நிற்கும். முடியாதானால், ஆயிரம் ஆண்டு பழமையானாலும், அன்பான பாட்டி ஊட்டியதானாலும், விழும். "பிறர் பொருளை எடுக்காதே" என்ற நெறியை எவரிடமும் சொல்லலாம். இடம் மாறினாலும் அது மாறாது. "நீ தனியே உட்கார்" என்ற நெறியை, வெளியே அமர்த்தப்பட்ட மூன்றாவது சிறுவனிடம் காரணம் காட்டிச் சொல்ல முடிந்ததா? பெற்றோருக்குத் தந்த வாக்கு என்று சொல்லலாம். அந்தச் சிறுவனுக்கும் பெற்றோர் இருந்தனரே. அவர்களுக்கு யார் என்ன வாக்குத் தந்தார்?

சமத்துவத்தை நாமும் கற்றோம் என்பது உண்மை. ஆனால் அது, தன்னைக் கேள்வி கேட்க அனுமதிக்கும் பாடம். கேள்விக்குப் பின்னும் நிற்கும் பாடம். நம் உரிமை அங்கிருந்துதான் வருகிறது.

வருகிறது என்று கூறிவிட்டோம். அந்த உரிமைக்கு நாம் தகுதியுடையவர்தாமா? இதை நம்மையே கேட்டுக்கொள்ளாமல் பேனாவை வைக்க மனமில்லை.

நம் இல்லங்களுக்குள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். நம் பிள்ளை மூன்று வயதிலேயே தலைவர்களின் பெயர்களை ஒப்பிக்கிறது, முழக்கங்களை மழலையிலே கூறுகிறது, விருந்தினர் கைதட்டுகின்றனர், நாம் பூரிக்கிறோம். அதே பிள்ளை, "அப்பா, அம்மா ஏன் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை?" என்று கேட்டால், "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்கிறோம். பிள்ளை எதைக் கற்றது? ஏன் என்று கேட்கும்படி முழக்கம் சொன்னது. ஏன் என்று கேட்காதே என்று முகம் சொன்னது. முழக்கம் மனப்பாடமாயிற்று, முகம் பாடமாயிற்று. காரணம் அறியாமல் ஒப்பிக்கும் பகுத்தறிவும், காரணம் அறியாமல் ஒப்பிக்கும் மந்திரமும், ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒன்றுதான்!

மேடையிலே சாதி ஒழிக என்று முழங்கிய குரல், மகளுக்கு வரன் பார்க்கும் நாளிலே, தரகரின் காதருகே குனிந்து, "நம்ம ஆட்கள்தானே?" என்று கேட்கிறது. மேடைப் பேச்சை மகள் கேட்டாள். தரகரிடம் பேசியதையும் கேட்டாள். எது மெய் என்று அவளுக்கா தெரியாது? இந்தக் குற்றத்திலிருந்து நம்மைப் பிரித்துக்கொண்டு பிறரை மட்டும் சுட்டுவது எளிது. நாமும் அந்த வீடுகளிலே பிறந்தவர்களே. நமக்குள்ளும் அந்தப் பந்தி இன்னும் விரிந்தே கிடக்கிறது.

ஆயினும் சோர்வுக்கு இடமில்லை. கற்றதை மறக்கவைக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. தென்னிந்திய இரயில் நிலைய உணவுச் சாலைகளிலே, ஒரு காலத்திலே, பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம். அதை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. 1941ஆம் ஆண்டிலே அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. நீக்கினால் புனிதம் கெடும், பயணம் தடைப்படும் என்று கூறியவர்கள் இருந்திருப்பர். வண்டி ஓடிக்கொண்டுதானிருக்கிறது! இன்று அந்த நிலையங்களிலே தேநீர் அருந்தும் இளைஞருக்கு, அப்படியொரு தடுப்பு இருந்ததென்று சொன்னால் வியப்பு வருகிறது. பேரன் வியப்பது பாட்டனுக்கு இயற்கையாயிருந்தது. தடுப்பை எடுத்தார்கள், தடுப்பு கற்பித்த பாடமும் அங்கே அழிந்தது.

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டங்களைக் களைய வேண்டுமென்று தீர்மானித்தது. இன்று தமிழகத்து வகுப்பறையிலே ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, பெயரின் வாலிலே பெரும்பாலும் சாதி ஒலிப்பதில்லை. 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியிலே பரவிய பள்ளி மதிய உணவுத் திட்டம், 1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பசி தீர்க்க வந்த திட்டமே அது. ஆனால் ஒரே சோற்றை ஒரே வரிசையிலே உண்ட பிள்ளைகளுக்கு, எந்த நீதிநூலும் தராத பாடத்தையும் அது தந்தது. தாழ்த்தப்பட்ட பெண் சமைத்ததைத் தம் பிள்ளை உண்ணக் கூடாதென்று தடுத்த பெற்றோர் பற்றிய செய்திகள் நம் காலத்திலும் வந்தன. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பந்திதான் உண்மையான பள்ளிக்கூடம் என்று! அந்த அறிவு நமக்கும் வேண்டும்.

ஏனெனில், நாம் துரத்திய பாடம் வேறு வாயிலால் திரும்பி வருகிறது. பெயரின் வாலிலிருந்து இறங்கிய சாதி, மாணவர் மணிக்கட்டிலே வண்ணக் கயிறாக ஏறியது. 2023 ஆகஸ்டிலே, நாங்குநேரியிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனை, அவன் பள்ளியிலே பயின்ற மாணவர்களே இரவிலே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். நாங்குநேரி எங்கே இருக்கிறது? சேரன்மாதேவி இருக்கும் அதே நெல்லை மாவட்டத்திலே!

தீண்டாமை பெருங்குற்றம் என்ற வாசகம் தமிழகத்துப் பாடநூல்களின் தொடக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அரிவாள் எடுத்த சிறுவர்களும் அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களே. ஒவ்வோர் ஆண்டும் புரட்டியவர்களே. அச்சிட்ட பக்கம் ஒன்று சொல்லிற்று. தெரு வேறொன்று சொல்லிற்று. வீட்டுத் திண்ணை அதை உறுதி செய்தது. நீதிபதி சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அரசு அமர்த்தியது. 2024 சூன் மாதம் அவர் தந்த அறிக்கை, சாதி காட்டும் கயிறுகளைப் பள்ளிக்குள்ளே தடுக்கவும், பள்ளிகளின் பெயரிலுள்ள சாதிச் சொற்களை நீக்கவும் பரிந்துரைத்தது. நல்லதே. ஆனால் கயிற்றை அறுக்க அரசு ஆணை போதும். கயிறு கட்டிய கை யாருடையது என்று கேட்க நாம் வேண்டும். அதைக் கட்டிவிட்டவர் அண்ணனாக இருக்கலாம், மாமனாக இருக்கலாம். பார்த்துக்கொண்டு பேசாதிருந்தவர் நாமாகவும் இருக்கலாம்.

இளைஞர் என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதையும் கேட்கவில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும், உண்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள், தம்பி பார்க்கட்டும். குப்பை எடுக்க வரும் முதியவரை 'வாங்க' என்று அழையுங்கள். அண்டை வீட்டுச் சிறுவன் கேட்கட்டும். நண்பனை, அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவனானாலும், கூடத்திலே உட்காரவைத்து, உங்கள் அன்னையின் கையால் பரிமாறச் செய்யுங்கள். அன்னை முகம் சுளித்தால் சினங்கொள்ள வேண்டாம். அவர் ஐந்து வயதிலே கற்றதை ஐம்பதிலே மறக்கச் சற்று நாளாகும். "ஏன் அம்மா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விடை தேடட்டும். விடை கிடைக்காத இடத்திலேதான் பழைய பாடம் தளரத் தொடங்கும்.

உங்களைப் பார்த்து, "நீ மட்டும் ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று தங்கை கேட்டால், அவளுக்குக் காரணம் சொல்லுங்கள். அவள் மறுத்துப் பேசினால், பேசவிடுங்கள். வாயை அடைக்காதீர்கள்.

சேரன்மாதேவிக் குருகுலத்திலே இரண்டு இலைகளை எடுத்துவந்து மற்ற இலைகளோடு சேர்த்துப் போட்டிருந்தால் போதுமாயிருந்தது. அதற்குப் பொருட்செலவு இல்லை, புலமையும் வேண்டியதில்லை. ஆயினும் அவ்வளவு கற்ற பெரியவருக்கு அது அரிதாயிற்று. நம் வீட்டிலே இன்றிரவு எத்தனை இலை, எங்கெங்கே போடப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்போம்.